பதினான்காவது மணி

குரோனிங்கன் நகரில், நான்காவது மாடியில்,
முப்பத்தேழு டிகிரி வெப்பத்தில்
துடித்துக்கொண்டிருக்கிறான் வொப்பே.
முழுதாக அல்ல.
ஒரு தட்டில் சில கடுகுகள் அளவுக்கு.

ஆள் போய் மூன்று வருடம்.
கால்வாய் உறைந்த பிப்ரவரியில்
சறுக்குக் காலணியின் நாடாவைக் கட்டக் குனிந்தவன்
நிமிரவில்லை.
அதற்கு முந்தைய கோடையில் அவன் தந்திருந்த
இரண்டு குழாய் ரத்தத்தைத்தான்
சீட்ஸ்கா பின்னோக்கி நடத்தினாள்,
தான் ரத்தம் என்பதையே அது மறக்கும்வரை.
பிறகு மெல்ல முன்னோக்கி:
நீ இதயம், நீ இதயம் என்று.
பதினோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை,
தட்டின் ஓரத்தில் ஏதோ துள்ளியது.
அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஐம்பத்திரண்டு மணி கோத்த சின்னச் சரம்
அந்தப் புரதம்.
வொப்பேயின் சரத்தில் பதினான்காவது மணி இல்லை.
உடைந்ததல்ல, நிறம் மாறியதல்ல,
விட்டுப்போனது.
இடைவெளிகூடத் தெரியாது.
பதினைந்தாவது நகர்ந்து வந்து
ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

சில வாரம் துடிப்பு ஒழுங்காகவே போகும்.
பிறகு தளை தட்டும்.
ஒரு சீர் விழாது,
அடுத்த இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வரும்.
திரையில் கால்சியம் பச்சை ஒளியாக எழும்,
எழுந்தது இறங்க மறுக்கும்.

இறுகுவதுதான் இதயத்துக்கு வேலை என்று
சீட்ஸ்காவும் நினைத்திருந்தாள்.
இல்லை. விடுவதற்குத்தான் ஆள் வேண்டும்.
வந்த கால்சியத்தை ஒரு பம்பு வாரி உள்ளே அனுப்பினால்தான்
தசை தளரும்.
பம்பை அடக்கிப் பிடிக்கவே அந்தச் சரம்;
வேளை வந்தால் கையெடுத்துவிடும்.
மணி குறைந்த சரம்
கையெடுப்பதே இல்லை.

அக்டோபரில் ஹிஸ்கா வந்தாள்,
வொப்பேயின் மகள்,
ஃப்ரீஸ்லாந்தில் நீரேற்று நிலையத்தில் வேலை.
வீடு கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே.
அப்பாவின் செல்களை இன்னும் ஐந்து வருடம் வைத்துக்கொள்ள
ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.
தன் ரத்தத்தைப் பற்றி அவள்
இதுவரை யாரையும் கேட்டதில்லை.

"பார்க்கலாமா?"

நுண்ணோக்கிமேல் வெகுநேரம் குனிந்திருந்தாள்.
மேல்சட்டையில் மோட்டார் எண்ணெய் வாசனை.
எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்வதைச் சீட்ஸ்கா
சொல்லத் தொடங்கினாள்.
பாதியில்,
தலை தூக்காமலே ஹிஸ்கா சொன்னாள்:
"பம்பு நன்றாகத்தான் இருக்கிறது.
நெம்புகோல்மேல் யாரோ நிற்கிறார்கள்."

இதைச் சொல்லச் சீட்ஸ்காவுக்குப்
பதினோரு வருடமும் நான்கு கட்டுரைகளும்
நிராகரிக்கப்பட்ட ஒரு நிதி விண்ணப்பமும் ஆயின.

"இறங்கச் சொல்லித்தான் பார்க்கிறோம்.
சரம் கோக்கச் சொல்லிப் போகும் சீட்டை
வழியிலேயே கிழிக்கும் மருந்து ஒன்று.
எலிகள் பிழைத்தன."
"மனிதர்கள்?"
"எலிகள் எப்போதும் பிழைக்கின்றன."

வெளியே மிதிவண்டிகள்மேல் மழை.
"இந்தத் தட்டை எப்போது கொட்டுவீர்கள்?"
"வெள்ளிக்கிழமை. அறுபதாம் நாள்."
"எதை ஊற்றி?"
"ப்ளீச்."

ஹிஸ்கா தலையசைத்தாள்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து
ஒரு நிமிடம் எண்ணினாள்,
நீர்மட்டம் குறிக்கும் அதே கண்ணோடு.
"நாற்பத்தொன்று.
அப்பா எதிலும் அவசரப்பட்டதில்லை."
பிறகு கையெழுத்துப் போட்டாள்,
பேனா எழுதவில்லை,
வேறு பேனா கேட்டாள்.

வெள்ளி மாலை எல்லாரும் போன பிறகு
சீட்ஸ்கா பதிவேட்டில் எழுதினாள்:
தட்டு ஏழு, நாள் அறுபது.
அந்தக் கட்டத்தில் எண்ணுக்கு இடமில்லை;
ஓரத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினாள்.
ஊற்றினாள்.
விதிப்படி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தாள், பார்க்காமல்.

நைட்ரஜன் தொட்டியின் புகைக்கு அடியில்
வொப்பே இன்னும் பத்தொன்பது குப்பி.
திங்கட்கிழமை
பதினெட்டு.