மைனஸ் முப்பத்தொன்று

என் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் எப்போதும் கடன் கணக்குதான்.
மைனஸ் நாற்பது. மைனஸ் முப்பத்தொன்று.
துணிந்த நாளில் மைனஸ் பதினெட்டு.
பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை.
பார்த்திருந்தால் தனசீலன் வீட்டுச் சுவர்க்கடிகாரம்
என் சோபாவில் விழுந்திருக்கும்.

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
ஒரு வீட்டை நடுவில் அறுத்து
இரண்டு வீடு என்று சொல்லிக் கொடுத்தது நகரசபை.
அவன் பக்கம் ஆணி அடித்தால்
என் பக்கம் சுண்ணாம்பு உதிரும்.
அவனுக்கு பஸ். விடியற்காலை நாலரைக்கு முதல் டிரிப்.
எனக்கு பெயிண்ட் தொழிற்சாலை, மத்தியான ஷிஃப்ட்.
நான் குளித்து, சாப்பிட்டு, படம் போடும்போது
மணி பதினொன்று.
அவனுக்கு அது நடுத்தூக்கம்.

வெள்ளிக்கிழமை ஒரு படம்.
ஜன்னலோரம் நின்று ஒரு பெண் என்னவோ சொல்கிறாள்.
உதடு அசைகிறது. ஒலி,
சர்க்கரை டப்பாவுக்குள் எறும்பு நடக்கிற அளவு.
ஏற்றினேன்.
மைனஸ் இருபத்தாறு. இருபத்திரண்டு.
வாக்கியத்தின் வால் மட்டும் கையில் கிடைத்தது:
"...வந்திருக்கலாமே."
அத்தனை நீளப் பேச்சை
கீழே ஓடிய ஆங்கில வரி ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது.
அடுத்த காட்சியில் பாலத்திலிருந்து ஒரு லாரி விழுந்தது,
நேராக என் வீட்டுக்குள்.

சுவரில் மூன்று தட்டு.

சனிக்கிழமை வேறு படம். அதே மைனஸ் முப்பத்தொன்று.
பெயர் ஓடும்போதே
நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
எண் மாறவில்லை, நான் மாறவில்லை,
சுவரும் அதே சுவர்.

பெட்டியை எனக்கு விற்ற லோகன்
சாலிடரிங் கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"பெட்டியில ஒண்ணும் தப்பில்ல, அண்ணா.
படத்தை முடிக்கிறவன் பேச்சை எங்க வைக்கிறானோ
அதுதான் அந்தப் படத்துக்குத் தரை.
ஒருத்தன் வெடிக்காகத் தலைக்கு மேல இடம் விட்டுட்டு
பேச்சைக் குனிய வைப்பான்.
இன்னொருத்தன் எல்லாரையும்
கூரையில முட்ட முட்ட நிக்க வைப்பான்.
பழைய படம்னா அடியாளும் அம்மாவும்
ஒரே உரப்புலதான் அழுவாங்க.
உன் நம்பர் எவ்வளவு ஏறினேன்னு சொல்லும்.
எங்கேருந்து ஏறினேன்னு சொல்லாது."

ராத்திரி மோட் என்று ஒரு பொத்தானையும் காட்டினான்.
அமுக்கிப் பார்த்தேன்.
லாரி விழுந்தது, ஸ்பூன் விழுந்தது,
இரண்டுக்கும் ஒரே எடை.
அணைத்துவிட்டேன்.

ஞாயிறு. வேலியோரம் தனசீலன்
காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.
மன்னிப்பை வாயில் தயாராக வைத்திருந்தேன்.
அவன் குழாயை மூடினான்.
"தப்பா எடுத்துக்காத. வெள்ளிக்கிழமைப் படத்துல,
லாரி விழறதுக்கு முன்னால,
ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்கல.
யாரோ யார்கிட்டயோ என்னமோ சொல்லியிருக்கணும்.
என்ன அது?"

ஆறு மாதமாக என் படங்களையெல்லாம்
அவனும் பார்த்திருக்கிறான், இருட்டில், மல்லாந்து படுத்து.
சுவர் இடியை மட்டும் அனுப்பியது.
சொற்களை வடிகட்டி என் பக்கமே வைத்துக்கொண்டது.
நான் வைத்திருந்ததோ ஒரு வால்.
"வந்திருக்கலாமே, அப்படின்னு என்னவோ," என்றேன்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான் கேட்டுச்சு."
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி
லாரி விழுந்த இடத்தைப் போல
என் வீட்டுச் சுவரைப் பார்த்தான்.

அடுத்த வெள்ளி அவனுக்கு மறுநாள் விடுப்பு.
மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டான்.
புதுப் படம். அதன் தரை எங்கே இருக்கிறதோ.
"எவ்வளவு வைக்கட்டும்?"
"பேச்சு காதுல விழற அளவுக்கு."
வைத்தேன்.
முதல்முறையாக ஒரு பெண் மூச்சு விட்டது கேட்டது.
அவள் பேச ஆரம்பித்தாள்,
தனசீலன் முன்னால் குனிந்தான்,

சுவரில் மூன்று தட்டு.

"நீலவதி," என்றான். அவன் மனைவி.
இருவரும் ஒரே நேரத்தில்
ரிமோட்டுக்குக் கை நீட்டினோம்.