சில்லுத்தடம்

ஓல்டனுக்கு மேலே, ஆரே ஆற்றங்கரையில்
சரளை அள்ளி முடிந்தது.
குழியைச் சமப்படுத்திப் புல் விதைத்தார்கள்,
உயிர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்று.
புல் வந்தது.
தேரை போய்விட்டது.

வயிறு மட்டும் மஞ்சளான கட்டைவிரல் தேரை.
என் லொறி உழுத தடத்தில் தேங்கிய
கலங்கல் நீரில்தான்
இத்தனை காலமும் முட்டையிட்டதாம்.
பதினோரு வருசம்;
ஒருநாளும் நான் இறங்கிப் பார்த்ததில்லை.

சித்திரையில் கன்டோன் அலுவலகத்து றெகூலா அழைத்தாள்:
“தயாபரன், லொறியைக் கொண்டு வாருங்கள்.
முழுப் பாரத்தோடு.
பாதையை விட்டு ஓட்டவேண்டும்.”

ஓட்டினேன், இளம்புல்லின் மேல்.
கால் கூசியது.
அவளோ, இன்னும் ஆழமாக என்று கை காட்டினாள்.

வைகாசி மழை விட்ட மாலை
எஞ்சினை அணைத்துவிட்டு இருந்தேன்.
‘ஊ’ என்றது ஒரு தடம்.
கொஞ்சம் பொறுத்து,
இன்னொன்று.