வலது கை மாட்டிக்கொண்டால்

நாற்பது மூடி வேண்டும் என்றேன்,
நாற்பது தேன்பெட்டிகளுக்கு.
அகேசியா பூப்பதற்குள்
பெட்டிகளை மலைக்கு ஏற்றியாக வேண்டும்.
நானுலி தலையாட்டினாள்.
பிறகு ஒரு மணி நேரம்
ஒன்றுமே செய்யவில்லை.

அப்படித்தான் எனக்குப் பட்டது.
குத்தாயிசியின் மழை பட்டறைக் கூரைமேல்
பட்டாணி வறுத்துக்கொண்டிருக்க,
அவள் மண்டியிட்டு
எந்திரத்தின் காலடி போல்ட்டுகளை
ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.
மூன்று பேச்சு மூச்சில்லை.
நான்காவது பால்பல் மாதிரி ஆடியது.
ஸ்பேனர் வாங்கிவர
பக்கத்துக் கடை கோச்சாவிடம் போனாள்.
காப்பியும் குடித்திருப்பாள்,
வர அவ்வளவு நேரம்.

மேல் உருளையில் புடைப்பு,
கீழ் உருளையில் பள்ளம்.
நேருக்கு நேர் பார்க்கணும், முட்டிக்கக் கூடாது,
நடுவில் தகட்டின் கனத்துக்கு இடம் என்றாள்.
கழிவுத் துண்டொன்றை ஓட்டினாள்.
வரி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.
திருகைக் கால் சுற்று தளர்த்தினாள்.
இன்னொரு துண்டு.
இன்னும் ஒரு நூல்.
துணியால் உருளையைத் துடைத்தபோது
ஒரு மணல், ஒரே ஒரு மணல்
விரலில் ஒட்டி வந்தது.
இதை விட்டிருந்தால்
சுற்றுக்கு ஒரு புள்ளி விழுந்து
நாற்பது மூடிக்கும் அம்மை போட்டிருக்குமாம்.

உதவலாமென்று கையுறையை மாட்டினேன்.
முழங்கை வரை நீளும் தோலுறை,
பதினாறு வருஷமாய்
கொடுக்குகளுக்கு என்னைக் கொடுக்காதது.
கழற்று என்றாள்.
தகட்டைத் தூக்கும்போது போட்டுக்கொள்,
உருளைப் பக்கம் வந்தால் கழற்று.
தேனீ உறையோடு நின்றுவிடும்.
இது உறையின் நுனியைப் பிடித்தால்
அடுத்தது விரல், அடுத்தது மணிக்கட்டு,
அதற்கடுத்தது நீ.

வெறுங்கையை விளிம்பு கிழிக்காதா?
பதிலுக்கு ஓர் அரம் தந்தாள்.
நாற்பது தகடு, நூற்று அறுபது விளிம்பு.
நகத்தால் இழுத்தால்
நகம் தடுக்கக் கூடாது.
ஸ்வெட்டர் கையையும் மடித்துவிடு என்றாள்,
அப்படியே கழுத்துத் துண்டையும்.
எனக்குக் குளிரத் தொடங்கியது.

எல்லாம் ஆயிற்று என்று நினைத்தேன்.
அவள் எந்திரத்தின் முன் நின்று
கண்களை மூடினாள்.
வேண்டிக்கொள்கிறாள் போலும்.
"வலது கை மாட்டிக்கொண்டது" என்றாள்,
யாருக்கோ நேற்று நடந்ததைச் சொல்வதுபோல.
இடது கை காற்றில் நீண்டது
சிவப்புப் பொத்தானைத் தேடி.
ஒரு சாண் எட்டவில்லை.

இன்றைக்கு ஓட்ட முடியாது என்றாள்.

நான் கத்தினேன்.
பூ பத்தே நாள்தான் நிற்கும் என்றேன்,
லாரிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்றேன்.
அவள் என் வலது மணிக்கட்டைப் பிடித்து
உருளையின் வாயருகே வைத்து அழுத்தினாள்.
"எட்டு."
அவளைவிட நான் ஒரு தலை உயரம்.
உடம்பை முறுக்கினேன், தோள் வலித்தது.
இரண்டு விரற்கடை பாக்கி.
மோட்டார் அணைந்துதான் இருந்தது.
ஆனாலும் வயிற்றுக்குள் ஏதோ
கீழே இறங்கியது.

ஃபியூஸைப் பிடுங்கித்
தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
அன்றிரவு அது அவளோடு வீட்டுக்குப் போனது.
நான் டார்ச்சு பிடித்தேன்.
பொத்தான் பெட்டி ஒரு முழம் இடம் மாறியது.
பெடலுக்கு ஒரு கூரை வந்தது,
விழுகிற சுத்தியல் அதை மிதித்துவிடாதபடி.

மறுநாள் காலை இருவரும்
கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றோம்.
அவள் தள்ளவில்லை, தகட்டைத் தாங்கினாள்,
அவ்வளவுதான்.
கோடு தானாக எழுந்து வந்தது,
தூங்குகிறவன் கையில்
நரம்பு எழுவதுபோல.

முப்பத்தொன்பது மூடி.
ஒன்றில் கடைசிக் கோடு வளைந்துவிட்டது:
கோச்சா வாசலில் நின்று
காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டான்,
நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.
அவள் உடனே காலை எடுத்துவிட்டாள்.
அதற்குக் காசு வாங்க மறுத்தாள்.
நான் விடாமல் எடுத்துவந்தேன்.
இருப்பதிலேயே கோபக்காரக் கூட்டத்தின் மேல்
அது இப்போது
சற்றே கோணலாக உட்கார்ந்திருக்கிறது.