சாவியை எடுத்த பிறகு

வில்பிரட் சீட்டுக்குத் தரவேண்டியது
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
தந்தது இந்த வண்டி.
தொண்ணூற்றாறாம் வருடத்து பென்ஸ், டீசல், சாம்பல் நிறம்.
மூக்கில் நிற்கும் நட்சத்திரத்துக்கு
மூன்று முனையில் ஒன்று இல்லை.
"ராஜா வண்டியாக்கும் எக்கா" என்று
மேசையில் சாவியை வைத்துவிட்டு
ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.
கருங்கல் முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்
ராஜாவை எங்கே நிறுத்துவாள்?
மரக்கடை ஓரத்தில் இடம் கிடைத்தது,
மாதம் முந்நூறு.

கம்பெனி சர்வீஸ் திருவனந்தபுரத்தில்.
டை கட்டிய பையன்
குளிரறையில் உட்காரவைத்து, காப்பி தந்து,
நான்கு பக்க எஸ்டிமேட்டை நீட்டினான்.
கடைசி வரியைப் பார்த்ததும்
காப்பியைப் பாதியில் வைத்துவிட்டேன்.
அந்தக் காசுக்கு
வில்பிரட்டையே ஷார்ஜாவிலிருந்து இறக்குமதி செய்யலாம்.

குளச்சலில் ததேயுஸ்
விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவர்.
பானெட்டைத் தூக்கிவிட்டு
வெகுநேரம் காதை மட்டும் கொடுத்தார்.
"எல்லாம் டீசல்தானே பிள்ளே.
இது கடல் காணாத வள்ளம், அவ்வளவுதான்.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வா.
தடைக்காலத்துல மட்டும் வராதே,
அம்புட்டு போட்டும் கரையில கிடக்கும்."

அவர் சொல்லித்தான் தெரியும்:
இந்த வண்டியின் கதவைப் பூட்டுவது கரண்ட் இல்லை,
ஒரு உறிஞ்சல்.
எஞ்சினை அணைப்பதும் அதுவே.
ஈர்க்கில் கனத்துக் குழாய்களில்
வண்டி முழுக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.
எங்கோ ஒரு ரப்பர் முட்டு வெடித்தால் போதும்,
பூட்டியது பூட்டாது, அணைத்தது அணையாது.

இங்கிருந்து குலசேகரம் வரை ரப்பர் மரம்.
சிரட்டை சிரட்டையாகப் பால்,
கொடி கொடியாகக் காயும் ஷீட்டு.
நடுவில் நின்றுகொண்டு
அரை இஞ்சு ரப்பருக்கு
ஜெர்மனியைக் காத்திருக்கிறேன்:
மூன்று வாரம், எண்ணூற்று அறுபது ரூபாய்.

காத்திருக்கவில்லை.
மார்த்தாண்டத்தில் மெடிக்கல் ஷாப்பில்
டிரிப் ஏற்றும் குழாய் பதினெட்டு ரூபாய்.
"யாருக்கு சுகமில்லை?" என்றான் கடைப்பையன்.
வெட்டி மாட்டினேன்.
பதினொரு நாள் உயிரோடு இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
திங்கள்நகரில் நாத்தனார் மகள் கல்யாணம்.
மண்டப வாசலில், பட்டுச்சேலையோடு,
சாவியை உருவி இறங்கிவிட்டேன்.
வண்டி ஓடிக்கொண்டிருந்தது.
சாவி என் கையில்.
வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பேட்டரியைக் கழற்றுங்க."
"டீசல் தீர்ந்தா தானா நிக்கும்."
"பேய் புடிச்ச வண்டி."
பேண்டுக்காரர்கள் வாசிப்பதை விட்டுவிட்டு
இதன் தாளத்தைக் கேட்டார்கள்.
முந்தானையைச் செருகி, பானெட்டைத் தூக்கி,
ததேயுஸ் காட்டிய சின்ன நெம்பைப்
பெருவிரலால் அமுக்கினேன்.
ஒரு குலுக்கல்.
நின்றது.
மொய் கவரில் என் பெயருக்குப் பக்கத்தில்
கிரீஸில் ஒரு ரேகை.

அன்று ராத்திரி வில்பிரட்டின் போன்.
"எக்கா, வண்டி ஓடுதா?"
"ஓடுதுடே. நிக்கத்தான் மாட்டேங்குது."
கொஞ்சநேரம் ஏசி இரைச்சல் மட்டும் கேட்டது.
"அப்போ நம்ம கணக்கு...?"

சீட்டு நோட்டில் அவன் பக்கத்தை நான் மூடவில்லை.
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்குக் கீழே
டீசல் பில்டர், பழைய இரும்புக் கடையில் எடுத்த ரேடியேட்டர்,
ததேயுஸுக்குக் கூலி, சாளை மீன் வறுவலோடு சாப்பாடு,
குழாய் பதினெட்டு.
"பாக்கி இருக்கு" என்றேன்.

எழுதாதது ஒன்று உண்டு.
மண்டைக்காடு தாண்டி
புதுத்தார் போட்ட ஒன்றரை கிலோமீட்டர்.
நாலாவது கியர், கண்ணாடி ஏற்றி.
சீட்டு கட்டாதவர்கள், கலர் ஜெராக்ஸில் விழும் கோடு,
கடல்கூட வெளியே வாயசைத்துக்கொண்டிருக்கும்.
அதை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா
என்று இதுவரை முடிவாகவில்லை.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி
நேற்றிலிருந்து பாதியில் நிற்கிறது.
சாரல் பிடித்துவிட்டது.
ஏ-ஃபோர் பேப்பர் வந்த அட்டைப்பெட்டியை
அளவு பார்த்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.