ஒரு முழத்துக்கும் குறைவு

கடலில் முங்குகிறவளுக்குத் தலை வலிக்காமல்
காலா வலிக்கும் என்றார் பாம்பன் கம்பவுண்டர்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
ஊசி நாற்பது ரூபாய்.

தங்கச்சிமடத்தில் சைனஸ்.
மண்டபத்தில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.
மதினி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள், நெடி வரவில்லை,
திருஷ்டிதான் என்று முடிவானது.
மூன்று நாள் பாசிக்குப் போகாமல் படுத்துக் கிடந்தேன்.
படுத்தால்தான் அதிகம்.
அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காதுக்குள் ஒரு விசைப்படகு
கரைக்கு வராமல் ஓடிக்கொண்டே இருந்தது.
நாடியைத் தொட்டுப் பார்த்தேன்:
துடிப்புக்கு ஒரு உஸ்.

குனிந்து காலில் தகரத் தட்டைக் கட்டும்போது
இரண்டு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்து
திரும்ப எரியும்.
சின்னப்பாலத்தில் கரண்ட் போய் வருவது
புதிதா என்ன?

பங்குனியில் அது அடியில் வைத்து நடந்தது.
கண் திறந்தே இருக்கிறது,
பாறை இல்லை, மரிக்கொழுந்துப் பாசி இல்லை,
துணி சுற்றிய என் விரல் இல்லை.
மேலே எது, கீழே எது?
செல்வராணி கூந்தலைப் பிடித்துத் தூக்கினாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
கண் டாக்டர் மெஹ்ருன்னிஸா
சொட்டு விட்டு, வெளிச்சத்தோடு
மூச்சுப் படும் தூரத்துக்கு வந்தார்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்தார்:
நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம்,
கரை தெளிவாக இருக்க வேண்டும்.
உனக்குக் கரையே தெரியலம்மா என்று
பென்சில் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

அப்புறம் கேட்டார்,
கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல்:
வேற என்ன மாத்திரை சாப்பிடுற?

ஒன்றுமில்லை. பருவுக்கு மட்டும்.
பெண் பார்க்க வந்தவர்கள் கன்னத்தையே பார்த்ததால்
மெடிக்கலில் கேட்டு வாங்கி, நாலு மாதமாக.
பென்சில் நின்றது.

தலைக்குள் கட்டி இல்லை, எங்கும் ரத்தம் உறையவில்லை
என்று படம் சொன்ன பிறகு
இறாலைப் போலச் சுருண்டு படுக்கச் சொன்னார்கள்.
முதுகெலும்பின் இடுக்கில் ஊசி,
அதன்மேல் நட்டுக்குத்தலாய் ஒரு குழாய்.
அதில் ஏறியது என் தண்ணீர்.
நான் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால்
யாரோ எண்ணுவதைக் கேட்டேன்.
இருபது. இருபத்தைந்து. நிற்கவில்லை.
முப்பத்தெட்டு.

சென்டிமீட்டர்தான்.
மல்லிகையில் அளந்தால் ஒரு முழம் வராது.
மூன்று பாகம் ஆழத்தில்
மூச்சைப் பிடித்து அறுபது எண்ணுகிறவள்
அந்தத் தண்ணீரிலா முங்கிப் போனேன்?

பழைய மாத்திரையை நிறுத்தியாயிற்று.
புது மாத்திரையில் விரல் நுனியெல்லாம்
சொறிமுட்டை பட்ட மாதிரி சுருசுருக்கிறது.
கோலி சோடா பச்சைத் தண்ணீராய்ச் சப்பென்று.
படகுச் சத்தம் ஒரு விடிகாலை நின்றிருந்தது,
எப்போது நின்றது என்று தெரியாது.
மாதம் ஒருமுறை கரை பார்க்க பஸ் ஏறுகிறேன்.
இடது கண்ணில் ஓரமாய்க் கொஞ்சம்
திரும்பி வரவில்லை;
பாலத்தில் போகும்போது
அந்தப் பக்கத்துப் படகுகள் தாமதமாக வருகின்றன.

கடல் ஒத்துக்கலையாடி என்கிறாள் செல்வராணி.
கடல் இல்லடி என்கிறேன்.
நம்பிய முகமாக இல்லை.

கன்னத்தில் பரு மறுபடி வந்திருக்கிறது.
இருக்கட்டும்.