தொண்ணூற்றொன்பது

பரேலில் எங்கள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பிணவறை.
மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி ஏரியல்.
நடுவில், மாடிப்படிக்குக் கீழே, நான்.
என் முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி,
பன்னிரண்டு பொத்தான்.

முதலில் அது எண் கேட்கும்.
யார் இடுப்பு துடிக்க வேண்டுமோ அவருடைய நாலு இலக்கம்.
பிறகு செய்தி கேட்கும். அதுவும் எண்தான்.
பதினொன்று: வார்டுக்கு வரவும்.
இருபத்திரண்டு: ரத்தம் வந்து சேர்ந்தது.
முப்பத்தைந்து: வீட்டிலிருந்து போன்.
தொண்ணூற்றொன்பது: இதயம் நின்றது, ஓடி வா.
நாற்பத்து நாலு தத்தாராமுக்கு மட்டும்.
அவர் அவசரப்படாமல் ஸ்ட்ரெச்சரோடு வருவார்.

பேசுவது மராத்தி, திட்டுவது இந்தி,
எண்ணுவது தமிழ்.
விரலுக்கு இன்னும் வேறு பாஷை வரவில்லை.

ஐந்தின் மேலிருந்த மேடு தேய்ந்து போயிற்று.
பூஜ்யத்துக்குள் ஃபிலோமினா சிந்திய டீ:
இரண்டு தரம் அழுத்தினால் ஒரு தரம் விழும்,
மழை நாளில் இரண்டுமே விழும்.

அனுப்பினால் ஒரு கீச்.
அவ்வளவுதான். பெட்டிக்கு வாய் உண்டு, காது கிடையாது.
போய்ச் சேர்ந்ததா, பேட்டரி செத்துக் கிடக்கிறதா,
பேஜரைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கிறாரா,
ஒன்றும் திரும்பி வராது.
லிஃப்டின் கம்பிக்கதவு இழுபடும் சத்தம்தான்
எனக்குக் கிடைக்கும் பதில்.

ஜூலை. ரயில் நின்றுபோன ராத்திரி.
இரண்டு பத்துக்கு நாலாம் மாடி சிஸ்டர் போனில் கத்தினாள்:
கட்டில் இருபத்து மூன்று, பரூச்சாவைக் கூப்பிடு.
மயக்க மருந்து டாக்டர். பூஜ்யம் நாலு ஒன்று ஏழு.
பூஜ்யம் விழுந்ததா என்று அதன் மேலேயே கண்.
பின்னால் வந்த ஒன்றும் ஏழும்
இடம் மாறி உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை.
தொண்ணூற்றொன்பது. கீச்.

லிஃப்ட் கதவு இழுபட்டது, கீழேயிருந்து.
கீழேயிருந்து என்பது
காதில் விழுந்தும் மனசில் விழவில்லை.

மறுபடி போன். எங்கே டாக்டர்?
பச்சைத் திரையில் கடைசியாகப் போன எண் நின்றது:
பூஜ்யம் நாலு ஏழு ஒன்று.
மூன்று நிமிஷம் போயிருந்தது.
இந்த முறை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி
வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன்.
பரூச்சாவின் செருப்பு
என் தலைக்கு மேலே படிகளில் தடதடத்தது.

மீதி தத்தாராம் சொன்னது,
காலை டீயில் பட்டர் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே.
தொண்ணூற்றொன்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.
யாரும் அதுவரை அனுப்பியதில்லை.
இரண்டு ஒன்பது சேர்ந்து வந்தால் பெரிய சமாசாரம் என்று
ஸ்ட்ரெச்சரைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறார்.
வார்டு வாசலில் கட்டில்காரரின் மனைவி
அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு
"டாக்டர்சாப்" என்றாளாம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"
"என்ன சொல்ல? கையை உருவவில்லை.
பார்சி டாக்டர் வந்து உள்ளே போகும்வரை
அப்படியே நின்றேன்.
என் கை எப்பவும் சில்லென்றுதான் இருக்கும்.
அவள் அதைக் கவனிக்கவில்லை."

பிஸ்கட் முறிந்து டீக்குள் விழுந்தது.
ஸ்பூனால் துழாவியபடி,
"எனக்கு நாற்பத்து நாலே அனுப்பு தாயி.
என் ஆட்கள் காத்திருப்பார்கள்" என்றார்.

அன்றிரவு நாற்பத்து நாலு அழுத்த வேண்டி வரவில்லை.
மறுநாள் எனக்கு ஓய்வு.
அதற்கு மறுநாள் இருபத்து மூன்றில் ஒரு பையன்,
காலில் மாவுக்கட்டு.
முந்தினவர் வீட்டுக்குப் போனாரா என்று கேட்க
போனை எடுத்தேன், வைத்தேன்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப்
பூஜ்யத்தைச் சுற்றித் துடைத்தேன்.
ஆறு மணிக்குச் சோதனை அழைப்பு:
எல்லோருக்கும் சேர்த்து நாலு பூஜ்யம்.
ஒவ்வொன்றும் ஒரே தரம்தான் விழுந்தது.
நாற்பத்தோரு இடுப்பு ஒன்றாகத் துடித்திருக்கும்.
அடித்தளத்திலும் ஒன்று.