இரண்டாவது கேள்வி

தாக்குவாரெம்போவுக்கு வடக்கே
எத்செகராயின் பால்பண்ணை.
நேற்றிரவு இடி விழுந்தது கொட்டகையில் அல்ல,
யூகலிப்டஸ் வரிசைக்கு அந்தப் பக்கம், வேலியோரம்.
ஆனாலும் பால்தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும்
இருநூறு மீட்டர் கம்பிக்கு அது கேட்டுவிட்டது.

ஐந்து வோல்ட்டில் பேசிப் பழகிய கம்பி.
பாலின் குளிர்ச்சியை
நொடிக்கொரு தரம் முணுமுணுக்கும்.
அதற்குள் ஒரு கணம், கணத்தின் தூசு,
ஆயிரக்கணக்கில் புகுந்து வந்தது.

பெட்டியைத் திறக்கிறேன்.
எறும்பு, ஈரம், கருகிய பிசின் வாசனை.
போன வருஷம் நான் பற்றவைத்த டயோடு,
மிளகளவு கறுப்பு, நடுவில் பிளந்திருக்கிறது.
மீட்டரை வைத்தால் விடாமல் பீப்.
வந்ததையெல்லாம் மண்ணுக்குத் திருப்பிவிட்டு
திருப்பிய வாக்கிலேயே உறைந்திருக்கிறது.
பின்னாலிருந்த சிப்புக்குச் சேதமில்லை.

"நீ வைத்ததுதான் முதலில் கெட்டது, நெலிடா,"
அனிபால் எத்செகராய்
மாத்தே குவளையை நீட்டவில்லை.
கெட்டதுதான்.
கெடட்டும் என்றுதான் வைத்தேன்.
இதைச் சொல்ல ஸ்பானிஷில்கூட எனக்கு
நல்ல வாக்கியம் வரவில்லை.

புதியதன் காலை வளைத்து, ஈயம் உருக்கி,
திரையைக் காட்டினேன்: நான்கு புள்ளி இரண்டு டிகிரி.
மூக்குக்கண்ணாடி தேடிப் போட்டு
இரண்டு தரம் பார்த்தார்.
"எவ்வளவு?"
டயோடு நாற்பது பெசோ,
வந்த தூரம் தொண்ணூறு கிலோமீட்டர்.
எண்ணிக் கொடுத்தார், சில்லறை வாங்கவில்லை.

வண்டி வரை கூடவே வந்தார்.
"மாட்டுக்கு இப்படி ஏதாவது உண்டா?"

அப்போதுதான் பார்த்தேன்.
யூகலிப்டஸ் நிழலில் மூன்று,
வேலியை ஒட்டி,
கால்களை ஒரே பக்கமாய் நீட்டிக்கொண்டு.